தலைவர் தூக்கிய குழந்தை

காலை ஆறு பத்துக்குக் கும்மிடிப்பூண்டி டீக்கடையில் விரித்துக் கிடந்த பேப்பரில் அந்தப் பழைய படத்தைத்தான் முதலில் பார்த்தேன். தலைவர் ஒருவர் முழங்கால் வெள்ளத்தில் ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறார். அந்தக் குழந்தை நான்.

ஆரணி ஆறு ஊருக்குள் புகுந்த அன்று, என்னைத் தோளில் வைத்துக் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்தவர் அப்பா. அவர் தலைமுடியில் சேற்று வாடை அடித்தது. கரையேறியதும் போட்டோக்காரர், "யோவ், கொயந்தய தலைவராண்ட குடு, ஒரே நிமிசம்" என்றார். தலைவர் என்னோடு தண்ணீரில் இறங்கினார்.

மறுநாள் பேப்பரில் வந்த படத்தை அப்பா சுவரில் ஒட்டினார்.

"நீதானய்யா தூக்கினு வந்த?" என்றாள் அம்மா.

"பேப்பர்லயே போட்டுக்கிறான். உனுக்கு இன்னா தெரியும்?"

தலைவர்தான் என்னைக் காப்பாற்றினார் என்றே அப்பா சாகும்வரை சொன்னார்.

'சிறுமியைக் காப்பாற்றிய தலைவர்' என்று இன்றும் படத்தின் கீழே இருக்கிறது. அந்த வரியை நேற்று பேப்பர் ஆபீசில் எழுதியது நான்.