குளத்தில் தட்டு விட்டவள்

பேச்சியம்மாவை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. வரிசை வீடுகள் கொண்ட ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் திட்டினால் அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் திட்டுவேன்.

திம்புள்ளப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். லயத்துக்கு மேலே ஒரு சின்னக் குளம் இருக்கிறது. எங்கள் பைப்பில் வருவது அந்தத் தண்ணீர்தான். மழை நின்று வெயில் ஏறினால் கரையோரம் பச்சைச் சாயம் கொட்டியது மாதிரி பாசி ஒதுங்கும். பழைய சேலையில் வடிகட்டி, கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். யாரும் செத்துப்போகவில்லை.

பேச்சியம்மாவின் மாடுதான் செத்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பங்குனியில், கரையில் வாய் வைத்த மாடு மத்தியானத்துக்குள் உதறி விழுந்தது. பாம்பு கடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். அவள் மட்டும் தண்ணீர்தான் என்றாள்.

அந்த வருஷமே பல்கலைக்கழகத்திலிருந்து நாலைந்து பேர் குளத்தைப் பார்க்க வந்தார்கள். இவள் அவர்களுக்குப் பை தூக்கப் போனாள். கயிற்றில் ஒரு தட்டைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார்களாம். எவ்வளவு சீக்கிரம் தட்டு மறைகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீரில் பாசி. அவர்கள் ஒரு வாரத்தில் போய்விட்டார்கள், இவள் விடவில்லை. எனாமல் தட்டில் ஓட்டை போட்டு, கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஞாயிறு தவறாமல் குளத்துக்குள் நீட்டிப் போட்ட பலகையில் குப்புறப் படுத்து இறக்குவாள். எத்தனை முடிச்சு என்று கரித்துண்டால் வீட்டுச் சுவரில் எழுதி வைப்பாள். என் சுவரின் மறுபக்கம் முழுக்க அந்தக் கணக்குத்தான். அவளுக்குத் தட்டுப் பேச்சி என்று பேர் வைத்தது நான்.

அவள் குளத்துத் தண்ணீரைத் தொடமாட்டாள். அரை மைல் ஏறி, ஊற்றிலிருந்து குடத்தில் கொண்டு வருவாள். என் மகள் தர்ஷிகாவுக்கு அப்போது ஐந்து வயது. வெயில் காலம் வந்தால் வாந்தி, வயிற்றுவலி. ஒரு நாள் பேச்சியம்மா தன் வாசலில் நின்று சொன்னாள்.

“தனலெட்சுமி, புள்ளைக்காவது ஊத்துத் தண்ணி குடு. இது ஆகாது.”

“எம்புள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீங்க ஒங்க மாட்டப் பாத்த லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே.”

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு பேச்சு வார்த்தை இல்லை.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. குளத்துக் கரையில் எனக்கு ஏழு பாத்தி லீக்ஸ். கோழி எருவும் யூரியாவும் போட்டு, மழையிலும் பனியிலும் குனிந்து வளர்த்தது. கரைத் தோட்டத்து உரம் கரைந்து இறங்கித்தான் பாசி கொழுக்கிறது என்று இவள் ஊர் பூராவும் சொல்லித் திரிந்தாள். பொல்லாத வாய்!

தலவாக்கலைக்கு நாலு தடவை பஸ் ஏறிப்போய், கடைசியில் சுகாதாரம் பார்க்கும் பி.எச்.ஐ.யை வரச் சம்மதிக்க வைத்துவிட்டாள். வெளியாள் வருகிறார் என்றால் முதல் நாளே தண்ணீர் ஓடும் கான் வெட்டி, வாசல் கூட்டி, ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் பழக்கம். குளத்தை மட்டும் அழுக்காகக் காட்டலாமா? நான்தான் ஆள் சேர்த்தேன். பழைய சேலைகளை முனைக்கு ஒருவராகப் பிடித்து, பாசி முழுவதையும் கரைக்கு இழுத்து, வாளி வாளியாக அள்ளினோம். சாயந்திரம் குளம் குளிப்பாட்டின பிள்ளை மாதிரி இருந்தது.

பேச்சியம்மா கரையில் நின்று கத்தினாள். “அடியே, சீக்காளிக்குப் பவுடர் பூசியா டாக்டர்கிட்ட காட்டுவீங்க?”

நாங்கள் சிரித்தோம். அள்ளிய பாசியை வீசி எறிய எனக்கு மனம் வரவில்லை. நல்ல பசளையாயிற்றே! என் லீக்ஸ் பாத்தியிலேயே பரப்பிவிட்டேன்.

மறுநாள் பி.எச்.ஐ. பிரதாபன் வந்தார். குளத்தைப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு?” என்றார். பேச்சியம்மா தட்டை இறக்கினாள். இரண்டாவது முடிச்சு நனைவதற்குள் தட்டைக் காணோம்.

அவர் குனிந்து பார்த்தார். “மேல ஒண்ணையும் காணோமே. பாசியெல்லாம் எங்கம்மா?”

அவள் விரலை நீட்டினாள். என் ஏழு பாத்தியும் வெயிலில் பச்சையாக நாறிக்கொண்டிருந்தன.

அவர் கையுறை மாட்டிக்கொண்டு பாசியில் கொஞ்சம், குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் போத்தல்களில் எடுத்தார். முகம் மாறிவிட்டது. “இந்தத் தண்ணியையா குடிக்கிறீங்க?”

“கொதிக்க வச்சுத்தாங்க குடிக்கிறோம்” என்று நான் முந்திக்கொண்டேன்.

“கொதிக்க வச்சா கிருமி சாகும்மா. இந்த மாதிரிப் பாசியில சிலதுக்கு வெஷம் இருக்கு, அது கொதிச்சாலும் போகாது. சோதிச்சு முடிவு வர்ற வரைக்கும் ஒருத்தரும் குடிக்காதீங்க. சின்னப் புள்ளைங்களுக்கு வாயிலயும் வைக்காதீங்க. கரையில பாத்தி போடுறதயும் நிப்பாட்டுங்க.”

எல்லோரும் என் லீக்ஸைப் பார்த்தார்கள். எனக்கு லீக்ஸ் ஞாபகமே இல்லை. காலையில் தர்ஷிகா வேண்டாம் வேண்டாமென்று தலையாட்டியும் அதட்டிக் குடிக்கவைத்த ஒரு டம்ளர் தண்ணீர்தான் கண்ணில் நின்றது.

மறுநாள் விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஏறினேன். அவளுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்றுதான் ஓடினேன். அவள் ஏற்கெனவே அங்கே நின்றாள். என்னைப் பார்த்ததும் நிறைந்த தன் குடத்தைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

“இதப் புள்ளைக்குக் கொண்டு போ. நீ குடிச்சா குடி, குடிக்காட்டிப் போ.”

வெறுங்குடத்தை அவளிடம் வைத்துவிட்டு, நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். இறக்கம் முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். நிறுத்தினால் என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.