எழுத ஒரு விலை, வாங்க ஒரு விலை

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வேலை என்று சொன்னால் சிரிப்பார்கள். கிழமையில் இரண்டு நாள் திருகோணமலைச் சந்தைக்குப் போய், அரிசி, கோதுமை மா, சீனி, காய்ந்த செத்தல் மிளகாய், வெங்காயம் என்று ஒரு நீண்ட பட்டியலில் உள்ள சாமான்களின் விலையைக் கேட்டு, படிவத்தில் நிரப்பிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே, நாட்டின் காசை அச்சடிக்கும் பெரிய வங்கியில், எல்லா ஊர் விலைகளையும் சேர்த்து வாழ்க்கைச் செலவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஏறியிருக்கிறது என்று நானே சொல்வேனே, அதற்கு ஒரு வங்கி எதற்கு என்று அம்மா கேட்டார்.

முதல் நாள் ஒரு மடைத்தனம் செய்தேன். மடிப்புக் கலையாத சேலை, கையில் மட்டையில் செருகிய படிவம், காதில் பேனை வைக்காத குறை. பல சாமான்களுக்கு அரசாங்கம் கெசட்டில் விலை போட்டிருந்த காலம் அது. அதற்கு மேல் விற்றால் தண்டம். என்னை விலைக் கட்டுப்பாட்டு அதிகாரி என்று நினைத்து, நான் நடக்க நடக்க மிளகாய்ச் சாக்குகள் மேசைக்குக் கீழே போயின. காலை ஒன்பது மணிக்கு ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டினார்.

கிண்ணியாவிலிருந்து வந்து மிளகாய் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் மட்டும் அசையவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்:

“எழுதவா புள்ள, வாங்கவா?”

எழுதுவதென்றால் கெசட் விலை. வாங்குவதென்றால் அதன் இரண்டு மடங்குக்கும் மேலே, அதுவும் தெரிந்த ஆளுக்கு. பால் தேத்தண்ணியா வெறும் தேத்தண்ணியா என்று கேட்பதுபோல்தான் கேட்டார். அதில் ஒரு கள்ளமும் இல்லை. சந்தை முழுவதும் அப்படித்தான் நடந்தது, எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

அடுத்த முறை மட்டையை வீட்டில் விட்டுவிட்டுக் கூடையோடு போனேன். மிளகாயில் கால் இறாத்தல், வெங்காயத்தில் அரை இறாத்தல் என்று எங்கள் குசினிச் சமையலுக்கு வேண்டியதை வாங்கி, மற்றவற்றுக்குப் பக்கத்தில் நின்று வாங்குபவர்களின் கையைப் பார்த்து, வீட்டுக்கு வந்து எழுதினேன். படிவத்தின் தலையில் ஒரு வரி அச்சிட்டிருந்தது: வாங்குபவர் உண்மையில் கொடுக்கும் விலையை எழுதவும். அந்த ‘உண்மையில்’ என்ற சொல்லில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. எனக்குப் பிடிவாதம் வருவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவையில்லை என்று அம்மா சொல்வார்.

அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மா, நான், தம்பி. தம்பி துறைமுகத்தில் கப்பலுக்கு மூட்டை ஏற்றி இறக்கும் நாட்கூலி. கப்பல் வந்தால் சம்பளம், வராவிட்டால் வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். நாலு வருடமாக நிரந்தர வேலைக்குக் காத்திருந்தான். அந்த நாளில் அதற்குக் கட்சிக்காரரின் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுக் கடிதம் வேண்டும். துண்டு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் இல்லை. அதைத் தருவதாகச் சொல்லியிருந்தவர் ஆளும் கட்சியின் உள்ளூர் அமைப்பாளர்.

ஒருநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அம்மா முன் அறைக் கதிரையைத் துடைத்துப் போட்டு, எங்களிடம் இருந்த கடைசிச் சீனியில் தேத்தண்ணி கொடுத்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தத் தெரியாதவர். என் படிவங்கள் நகரத்து அலுவலகம் ஒன்றின் தபாற்பையில்தான் கொழும்புக்குப் போகும். அங்கே யாரோ பார்த்து அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் விலையை இப்படி எழுதினால் அரசாங்கத்துக்குக் கெட்ட பெயர் என்றார். தம்பியின் விசயம் இந்த மாதமே முடிந்துவிடும் என்றும் சொன்னார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. எழும்பும்போது மட்டும், “கெசட்டில விலை போட்டுக் கிடக்குத்தானே தங்கச்சி, அதைப் பாத்து எழுதுங்கோவன். வெயிலுக்க அலையவும் தேவையில்லை,” என்றார்.

நான் எழுதினேன். மூன்று கிழமை, சந்தைப் பக்கமே தலை காட்டாமல், கதிரையில் இருந்து கெசட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். குசினிக்கு வேண்டியதை அம்மா போய் வாங்கினார், வாங்கிய விலையைச் சொல்லிச் சொல்லித் திட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்கும்போது அந்த வெட்கம் கொஞ்சம் குறையும்.

நாலாம் கிழமை கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் ஒருநாளும் காணாத அதிகாரி, கையால் தமிழில் எழுதியிருந்தார். நாடு முழுவதும் மிளகாய் விலை ஏறியிருக்க உங்கள் ஊரில் மட்டும் இறங்கியிருப்பது சந்தோசம், ஆனால் நம்ப முடியவில்லை என்று தொடங்கியிருந்தார். ஆட்சியில் இருப்பவர்களுக்குக் காசு எப்போதும் தேவைப்படும், அச்சடிக்கச் சொல்வார்கள், அச்சடித்தால் விலை ஏறும், வேண்டாம் என்று சொல்வதற்கு எங்களிடம் இருப்பது உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் இலக்கங்கள் மட்டுமே என்று எழுதியிருந்தார். எழுத முடியாத நிலை வந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம், காரணம் கேட்க மாட்டோம் என்றும் ஒரு வரி.

அந்தக் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேனோ தெரியாது. அவ்வளவு பெரிய கட்டடத்தில், மந்திரிமாரோடு கதைக்கும் ஆட்கள், என் கால் இறாத்தல் மிளகாயை நம்பி இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அங்கே ஒருவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்றால், இங்கே நானும் சொல்ல வேண்டும். அவருக்குச் சட்டம் இருக்கும், பென்சன் இருக்கும். எனக்குத் தம்பி இருந்தான்.

வெறுமையாக விட்டிருக்கலாம். அது என் குணத்துக்குச் சரிவரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய் அந்த நாளின் விலையை எழுதினேன். மூன்று கிழமைக்கும் அம்மா திட்டிய விலைகளைக் கேட்டு, திருத்தம் என்று தலைப்புப் போட்டு இன்னொரு தாளில் எழுதி அதோடு சேர்த்தேன். தபாற்பையை நம்பாமல் என் காசில் முத்திரை ஒட்டி அனுப்பினேன்.

அமைப்பாளர் கோபப்படவில்லை. வீதியில் கண்டால் முன்போலவே சிரித்தார். மாத முடிவில் நிரந்தரமானவர்களின் பெயர்ப் பட்டியல் வந்தது. தம்பிக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களின் பெயரும் அதில் இருந்தது, அவனுடையது இல்லை. ஏன் என்று கேட்கப் போனவனிடம், அக்காவைக் கேள் என்று அமைப்பாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்து கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டான். அதன் பிறகும் வருடக்கணக்காக நாட்கூலிக்குத்தான் மூட்டை தூக்கினான். வலது தோள் இறங்கிப்போனது. கலியாணமும் பிந்தித்தான் நடந்தது. அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை. என்னை மன்னித்துவிட்டான் என்று நான் வசதியாக நினைத்துக்கொண்டேன்.

எண்பதாம் ஆண்டளவில் அந்த வேலையை விட்டேன். என் விலைகள் நம்பத்தக்கவையாக இருந்தன என்று வங்கியிலிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. மத்தியானம் தன் பிள்ளையோடு வந்திருந்த தம்பியிடம் நீட்டினேன். அவன் ஆறுதலாக, வரி வரியாக வாசித்தான். மடித்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பித் தந்தான்.

“நீங்கள் செய்தது பிழை எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை, அக்கா. ஆனா என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

கேட்டிருந்தால் கெசட் விலையையே எழுது என்று சொல்லியிருப்பாய், அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை என்றேன்.

“ஓம்,” என்றான். “அப்பிடித்தான் சொல்லியிருப்பன்.”