பஞ்சம்மாளக்கா கூப்பிட்ட பேர்

எனக்கு இடம் விடுவதற்காகப் பஞ்சம்மாளக்கா ஒரு பொய் சொன்னாள். "உள்ள உக்காந்தா எனக்குத் தலை சுத்துது ஆத்தா, நீ படு" என்று சொல்லிவிட்டு, வண்டியின் பின்படியில் போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கோ கடுங்காய்ச்சல், கையில் எட்டு மாதப் பிள்ளை. அவள் அந்த வண்டிக்குள்ளேயே ஐந்து வருஷம் குடியிருந்தவள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஐந்து வருஷம் சுற்றாத தலை அன்றைக்கு மட்டும் சுற்றுமா?

1942, மாசி மாதம். பர்மா தேசம். ஜப்பான்காரன் குண்டு போட, நம் ஜனங்களெல்லாம் ஊரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஆறு மாதம் முந்தியே, அவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையென்று கம்பம் பக்கத்துக் கூடலூருக்குக் கப்பலேறியிருந்தார். தராவடி அரிசி மில் குடியிருப்பில் நான் தனியாக மாட்டிக்கொண்டேன். ரோட்டோரம் நின்று, போகிற வண்டியையெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். "அட, நம்ம கம்பத்துப் பக்கத்துப் பேச்சா இருக்கே, நிறுத்துங்க" என்று சொன்னவள் அக்காதான்.

அது ரங்கூனில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் கழித்துப்போட்ட பழைய வேன். அக்காவின் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பலகை அடித்து வீடாக்கியிருந்தார். அவர் ஊர் ஊராகப் போய் மில் எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவர். எல்லோருக்கும் அவர் மெக்கானிக். எனக்கு மெக்கானிக் அண்ணன். படுக்கைப் பலகைக்கு அடியில் சாமான்கள். தண்ணீர்ப் பானை உருளாமலிருக்க அதைப் பழைய டயருக்குள் வைத்திருந்தாள். டிரைவர் சீட்டுக்கு மேலே முருகன் படம். வண்டி எங்கே நின்றாலும் பின்கதவுக்கு நேரே இரண்டு இழை கோலம் போட்ட பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பாள்.

"ஒங்க அக்கா கோலம் போடாத ஊரு பர்மாவுல கெடையாது. ஜப்பான்காரன் அதப் பாத்துக்கிட்டுத்தான் பின்னாலயே வர்றான்" என்பார் அண்ணன்.

"வரட்டும். வந்தா அவனுக்கும் கஞ்சி ஊத்துவேன்" என்பாள் அக்கா.

பிரோம் வந்ததும் ஐராவதி ஆறு மறித்தது. வண்டி அதற்கு மேல் போகாது. படகில் அக்கரை போய், மலைக்காட்டு வழியே நடக்க வேண்டும். காலரா ஊசி போட்டு நோட்டில் பேர் எழுதியவர்களுக்குத்தான் படகு. அண்ணன் ஊசி வரிசையில் நின்றார். நான் வேனுக்குள் காய்ச்சலில் கிடந்தேன். அக்காதான் பேர் எழுதப் போனாள்.

எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்சாதி வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். என் வீட்டுக்காரர் பேரை இன்றைக்கு வரைக்கும் நானும் சொன்னதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குமாஸ்தா ஒருவர் கேட்க, அக்கா தனக்குத் தெரிந்தபடி சொல்லியிருக்கிறாள்.

"எங்க ஊரு அருவிங்கய்யா."

"அருவியா?"

"ஆமாங்க. அதுக்குப் பின்னால முருகன் கையில வச்சிருக்கது."

"புருஷன் பேரைக் கேட்டா விடுகதை போடுறியேம்மா!" என்று சலித்துக்கொண்டே அவர் எழுதினாராம். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "டக்குனு புரிஞ்சுக்கிட்டாக, நல்ல மனுசன்" என்று என்னிடம் வந்து சந்தோஷப்பட்டாள்.

வண்டியை விட்டு இறங்குமுன் அதைக் கூட்டி, கடைசியாக ஒரு கோலம் போட்டாள். முருகன் படத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பெண்களை முதலில் படகில் ஏற்றினார்கள். ஆண்கள் கரையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம். குமாஸ்தா நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார். அன்றைக்கு அதுதான் கடைசிப் படகு. நாளைக்குப் படகு உண்டா என்று யாரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள்.

"அருவிவேலு!"

யாரும் வரவில்லை. யாரோ பாவம் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தாள். "ஆத்தா, அது அவுகதான். தப்பா எழுதிப்பிட்டாரு" என்றாள்.

"அருவிவேலு!" இரண்டாம் தரம்.

அண்ணன் திரும்பவேயில்லை. தன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னங்க! இங்கன பாருங்க!" என்று அக்கா கத்தினாள். படகிலிருந்த அத்தனை பெண்களும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். கரையில் யார் யாரோ திரும்பினார்கள்.

"பேரச் சொல்லுக்கா, நான் கூப்பிடுறேன்."

"நான் எப்படித்தா சொல்லுவேன்?"

எங்கள் பக்கத்து அருவி என்றால் ஒன்றுதானே. "சுருளியா? சுருளிவேலா?" என்று காதோடு கேட்டேன். கண்ணில் நீர் ஓட அக்கா தலையாட்டினாள். நான் எழுந்து வாயைத் திறந்தேன். காய்ச்சலில் தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. வேலப்பா, நீயே கூப்பிடு என்று மனசுக்குள் அழுதேன்.

குமாஸ்தா மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டுப் பென்சிலை நோட்டில் வைத்தார். அக்கா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சுருளிவேலு! ஏ, சுருளிவேலு! அருவிவேலுன்னா நீங்கதான்! ஓடியாங்க!"

அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்தக் குரலில் அந்தப் பேரை அவர் கேட்டதேயில்லை. மறு நிமிஷம் கயிற்றைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் ஓடி வந்து பலகையைப் பிடித்தார். "யாரு என்னையக் கூப்பிட்டது?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். அக்கா தலை நிமிரவில்லை.

மலைக்காட்டில் பன்னிரண்டு நாள் நடந்தோம். வழியெல்லாம் காலராவில் ஆட்கள் விழுந்தார்கள். அண்ணன் ஒரு தரம் இருமினால் அக்காவுக்கு முகம் வெளுத்துவிடும். அவர் மரத்தடியில் கண்ணயர்ந்தால் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். சாமி புண்ணியத்தில் நால்வரும் ஊர் வந்து சேர்ந்தோம்.

நாலாம் வருஷம் அக்காதான் முந்திப் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் இன்றைக்கும் கம்பத்தில் பட்டறை வைத்து நல்லபடியாக இருக்கிறார். அவரிடம் உத்தரவு கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது, ஊர் வந்த அன்று, கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில். அண்ணன் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். அக்கா என் பிள்ளையை முத்தமிட்டு என் கையில் கொடுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"யாராச்சும் கேட்டா, ஆத்துல வச்சு அவுக பேரைக் கூப்பிட்டது நீதான்னு சொல்லிரு ஆத்தா. நீ கூப்பிட்டா அவுகளுக்கு ஒண்ணும் ஆகாது."