முப்பிடாதி ஏற்றிய ஈடு

குற்றாலத்தில் ஆண்கள் மட்டுமே நின்ற சாப்பாட்டுக்கடை அடுப்படியில் முப்பிடாதி இட்லிக் கொப்பரையைப் பிடித்தாள். ஆண்களுக்குக் கொடுத்த அதே சம்பளத்தை வாதாடி வாங்கினாள். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய காலோடு சீசன் முழுக்க நின்றே வேலை பார்த்தாள். மூடியைத் திறக்காமலே ஒரு ஈடு இட்லி வெந்துவிட்டதைச் சொல்லுகிறவள் என்று தென்காசி வரைக்கும் பெயரெடுத்தாள். அவளுடைய அண்ணன் பிச்சைமணி அதே கடையில் சர்வர். "உள்ள நிக்கது நம்ம தங்கச்சிதான்" என்று கேட்காதவர்களிடமும் சொல்வான்.

சர்வர்கள் கத்துவதை மனசில் வைத்திருந்து பலகாரம் எடுத்துக் கொடுக்க மைதீன் என்று ஒருவர் இருந்தார். அவர் கொழும்புக்குப் போன வருஷம், முதலாளி மந்திரமூர்த்தி அந்த வேலையையும் முப்பிடாதி தலையில் கட்டினார்.

"ஏட்டி, நாலு இட்லி ரெண்டு வடை!"

"நான் மொதல்ல சொன்ன ஆறு இட்லி என்னாச்சு தாயி?"

ஒருவர் சொன்னதைக்கூட அவள் மறக்கவில்லை. ஆனால் இட்லி வறண்டுபோயிற்று. முதலாளி மூடியைத் தூக்கினார். தண்ணீர் சுண்டி, கொப்பரை அடி கருகியிருந்தது.

"எப்பம்ட்டி வச்ச?"

"இப்பத்தான் மொதலாளி ஏத்துனேன்."

"இப்ப ஏத்துனதுக்கா தண்ணி வத்திக் கெடக்கு? பொய்யையாவது பதமா வேகவச்சுச் சொல்லேன்!"

அடுப்படியே சிரித்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே நடந்தது. அவள் சொன்ன பதிலும் மாறவில்லை: இப்பத்தான். தங்கச்சி பொய் சொல்லமாட்டாள் என்று பிச்சைமணிக்குத் தெரியும். கருகிய கொப்பரையும் கண்ணெதிரே கிடந்தது. ஆடி முடிவதற்குள் அவள் வேலையை விட்டாள்.

அடுத்த சீசனில் குளிக்க வந்த டாக்டர் ஒருவர், சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் பிச்சைமணி சொல்லக் கேட்டார்.

"பொய்யில்லப்பா. மனசு ஒரே சமயத்துல கொஞ்சந்தான் தாங்கும். பத்துப் பேர் சொன்னதைப் பிடிச்சு வச்சிருக்கிற மூளைக்கு, போற நேரத்தைக் கவனிக்க இடமிருக்காது. அரைமணி நேரமும் அஞ்சு நிமிஷமாத்தான் தெரியும்."

மறுநாளே பிச்சைமணி பாவூர்சத்திரம் சந்தைக்கு ஓடினான். அங்கே முப்பிடாதி வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான்.

"மைதீன் அண்ணாச்சி இருக்கையில ஒரு ஈடாவது கெட்டுச்சாண்ணே? இதச் சொல்ல டாக்டரா வரணும்?"

"திரும்ப வாயேன் தாயி. மொதலாளிகிட்ட நான் பேசுதேன்."

"பொய்க்காரின்னு சிரிச்ச எடத்துக்கா? போண்ணே, பஸ்ஸ விட்டுராத."

அவன் தனியாகத் திரும்பினான். போன ஆடியில் அவள் வேலையை விட்ட அன்று, 'நானாகவே விலகுகிறேன்' என்று முதலாளி எழுதி நீட்டிய தாளில் அவள் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றாள். யாருக்கும் தெரியாமல் பழகிவைத்திருந்த எழுத்தில் தன் பெயரை எழுதினாள். அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட அந்த நாள் 1958 ஆகஸ்ட் 3.