மாமா நிரப்பிய கடைசி பஸ்

ஆட்கள் நிரம்பி வழியும் பஸ்ஸைக் கண்டால் நல்லது என்று நினைப்பதா, கெட்டது என்று நினைப்பதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் சின்னப் பிள்ளை. நாங்கள் சாம்பல்தீவில் இருந்தோம். உப்புவெளியில் ஒரு தையற்கடையில் வேலை செய்த அம்மா, திருகோணமலை நகரத்திலிருந்து வரும் கடைசி பஸ்ஸில்தான் வீடு திரும்புவார். அதில் ஆட்கள் குறைவாம், ஒருநாள் எண்ணிப் பார்த்துவிட்டு சேவையை நிறுத்தப்போகிறார்களாம் என்று கதை வந்தது. பஸ் இல்லையென்றால் அம்மாவுக்கு வேலையும் இல்லை.

துறைமுகத்தில் வேலை செய்த மாமா சும்மா இருப்பாரா? எண்ணும் நாளை எப்படியோ அறிந்து, அயலவர்களைத் திரட்டிப் பின்னேரம் நகரத்துக்குக் கூட்டிப்போனார். என்னையும்தான். எல்லோரும் கடைசி பஸ்ஸில் ஏறினோம். எண்ண வந்து பஸ் வாசலிலேயே நின்ற உத்தியோகத்தர், ஆட்கள் ஏற ஏறக் கையிலிருந்த எண்ணும் கருவியை அமுக்கினார். மாமா கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

உப்புவெளியில் அம்மா கை காட்டினார். பஸ் நிற்கவில்லை.

"அம்மா நிக்கிறா!" என்று கத்தினேன்.

"இடமில்லைப் பிள்ளை, மூச்சுவிடவும் ஏலாது," என்றார் கொண்டக்டர்.

மாமா கூரையில் ஓங்கி அடித்தார். "நிப்பாட்டுங்கோ! எங்கட ஆக்கள் எல்லாரும் இறங்குங்கோ! பிள்ளை மட்டும் இருக்கட்டும்!" பஸ் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

"ஏத்தினதும் நீ, இறக்கிறதும் நீ. இனி நடந்தே போறது?" என்று பக்கத்து வீட்டு மாமி ஏசிக்கொண்டே இறங்கினார்.

மாமா தயங்கி உத்தியோகத்தரைப் பார்த்தார். "ஐயா, கணக்குக் குறையுமோ?"

"ஏறினது ஏறினதுதான். எண்ணியாச்சு," என்று அவர் சிரித்தார்.

அம்மா ஓடிவந்து ஏறியதும்தான் எனக்கு உயிர் வந்தது. மாமாவின் கூட்டம் அவரைத் திட்டிச் சிரித்தபடி வீதியில் நடந்தது. அந்த பஸ் அதன் பிறகும் ஓடியது.

என்னை மடியில் வைத்திருந்த அம்மாவின் கைகள் வீடு வரும்வரை நடுங்கின. ஓடிவந்த களைப்பு என்று நினைத்தேன். பொழுதுபடும் நேரம், வீட்டில் பிள்ளை, கண்முன்னே போய்விட்ட கடைசி பஸ். அந்த நடுக்கம் எதனால் என்று நானும் ஒரு தாயான பிறகுதான் விளங்கியது.

இப்போது நானும் வேலைக்குப் போய்வருகிறேன். பஸ் பிந்தும் நாட்களில் மகளுக்குப் போன் எடுத்துச் சொல்வதா, அல்லது பயப்படுத்தாமல் பேசாமல் வந்து சேர்வதா? நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.