ரத்தம் உறிஞ்சி

எங்கள் மீனவ ஊரான கருக்களாச்சேரியில் ஓணானை ஓணான் என்று யாரும் சொன்னதில்லை. ரத்தம் உறிஞ்சி என்பார்கள். வெயில் ஏறினால் அது வேலியில் உட்கார்ந்து தலையை ஆட்டும். கழுத்திலிருந்து மார்புவரை செக்கச்செவேலென்று ஆகிவிடும். எட்ட இருந்தே ஆளைப் பார்த்துப் பார்த்து ரத்தத்தை இழுக்கிறதாம். அடித்துப் போட்டால் அந்தச் சிவப்பு வடிந்து சாம்பலாகிவிடும். குடித்த ரத்தம் உடையவரிடமே திரும்பிவிட்டது என்பார்கள். பெயருக்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

எழுபதுகளின் கடைசியில் என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, நிறைமாதம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, குடம் தூக்கினால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்கா கேட்கும்போதெல்லாம் அவர் வீட்டுக்காரர் துடுப்போடு வேலிக்குப் போவார். அக்காவின் கண்ணெதிரே ஓணானை அடித்து நசுக்குவார். குடல் பிதுங்கிக் கிடக்கும். மாமியார் குனிந்து பார்ப்பார்.

"வெளுத்துப்போச்சுடி. ஒன் ரத்தம் ஒனக்கே வந்துட்டு."

"வந்தது எங்க அத்த போச்சு? எந்திரிச்சு நிக்க முடியலியே."

ஒருநாள் வேலியோரம் பூராவும் ஓணான்கள் செத்துக் கிடந்தன. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊரு ஓணான் அத்தனையும் செத்தாலும் நான் பொழைக்கமாட்டேங்க."

அந்தச் சிரிப்புதான் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஓணான் ரத்தம் காயாத துடுப்பு அக்காவின் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து, பல் ஒன்று மணலில் தெறித்தது.

அக்கா அழவில்லை. கீழே கைகாட்டினார்.

"நல்லா பாருங்க அத்த. இது என் ரத்தம். வெளுக்குதா?"

மாமியார் மணலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துடுப்பைப் பிடுங்கி மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"போயி வண்டியக் கூட்டியாடா, பாவி!"

காரைக்கால் ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். சோதித்ததில் சேர்ந்தது வீட்டுக்காரருடைய ரத்தம்தான். நடுக்கடலில் பயம் அறியாத மனிதர் ஊசியைக் கண்டு வெலவெலத்தார்.

"உசுரு போயிடாதுங்களே, டாக்டரம்மா?"

எடுத்த ரத்தம் பாட்டிலில் அக்காவின் தலைமாட்டில் தொங்கியது. சொட்டுச் சொட்டாக இறங்குவதை அவர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீங்கிய உதட்டோடு அக்கா திரும்பினார்.

"பயப்படாதீங்க. இப்ப நாந்தான் ரத்தம் உறிஞ்சி. மிச்சம் வைப்பேன்."

மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் மகன் மட்டும் முக்காலியைக் கட்டிலைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.