கடைசி மருந்துக்கு ஓர் அனுமதி

கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்க, மருத்துவமனையின் குழு ஒரே நாளில் அனுமதி தர வேண்டும்; மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது விதி. அரசு அலுவலகங்களில் கோப்பு நகர்த்தியே ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட விதிகளைப் படித்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். அவ்வளவு நல்ல கற்பனை.

என் தங்கையின் கணவருக்கு மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைக்கும் நிலம் இருக்கிறது. வைகாசியில் சருகைக் கொளுத்தியபோது தீ லுங்கியைப் பிடித்து, இரண்டு கால்களும் இடுப்பும் வெந்துபோயின. ஜீப் வரும்வரை தங்கை சும்மா இருக்கவில்லை. மலையில் எல்லாரும் செய்வதைச் செய்தாள்: கேப்சூல்களை உடைத்துப் பொடியைப் புண்ணில் தூவினாள். அவர் பல்வலிக்கு வாங்கி, வலி நின்றதும் பாதியில் விட்ட ஆன்டிபயாடிக் கேப்சூல்கள் அவை.

கீழே, பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் சேர்த்தோம். சில நாட்களில் புண்ணில் பச்சையாகச் சீழ் வைத்தது. காய்ச்சல், உளறல். சீழைப் பரிசோதித்ததில், அந்தக் கடைசி மருந்து ஒன்றைத் தவிர வேறு எந்த மருந்துக்கும் கிருமி அடங்காது என்று தெரிந்தது.

"எங்க வார்டு கிருமியாவும் இருக்கலாம் சார்," என்றார் டாக்டர், பெருந்தன்மையாக. "அந்தப் பாதி மாத்திரை, பொடி எல்லாமும் அதுக்கு நல்லா டிரெய்னிங் குடுத்திருக்கும்."

வீட்டில் டியூஷன், வார்டில் பட்டப்படிப்பு.

குழுவுக்கு எழுதினார்கள். பதில் இல்லை.

"இன்னாண்ணா, மருந்து இருக்குதாம், குடுக்க மாட்டேன்றாங்களாம்?" என்றாள் தங்கை.

"குழு கூடணும்மா."

"அதுக்குள்ள இந்த மனுசன் போய்ட்டா, அந்தக் குழுவா வந்து தூக்கும்?"

விதிகளின் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் மருந்தைத் தொடங்கிவிட்டுப் பிறகு அனுமதி பெறலாம் என்று அதில் இருந்தது. டாக்டரிடம் காட்டினேன். திரும்பத் திரும்பப் படித்தார்.

"சார், நீங்க எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க?"

"பதில் போடாத டிபார்ட்மென்ட்ல."

அன்றே ஊசியைத் தொடங்கினார். காய்ச்சல் மெல்ல இறங்கியது. மச்சான் தெளிவாகக் கேட்ட முதல் கேள்வி, "சாமை வெதைச்சாச்சா?"

"வெதைக்கிறாரு! முதல்ல ஒழுங்கா லுங்கிய மடிச்சிக் கட்டக் கத்துக்கோ," என்று சொல்லிவிட்டுத் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

தோல் ஒட்டினார்கள், ஒட்டியது பிடித்தது. வீட்டுக்கு அழைத்துப்போக அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து நர்ஸம்மா ஓடிவந்து குழுவின் பதிலைக் காட்டினார். கேட்ட மருந்துக்கு அனுமதி வழங்கப்படுகிறது, தாமதமின்றித் தொடங்கவும் என்றிருந்தது. அன்று ஆடிப்பெருக்கு.